வெள்ளம் தந்த ஏரிகளும் அரை அவுன்ஸ் குண்டும்

வட மிசிசிப்பியில் கிராப்பி மீன் பிடிப்பவர்களின் பெட்டியைத் திறந்தால் அரை அவுன்ஸ், முக்கால் அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் என்று முட்டை வடிவ ஈயக்குண்டுகள் தனித்தனி அறைகளில் கிடக்கும். அரை அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 14 கிராம். உதடு காகிதம்போல் கிழிந்துவிடும் மென்மையான மீனுக்கு இவ்வளவு கனம் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதற்கு விடை 1927-ல் இருக்கிறது என்பது என் கட்சி.

அந்த ஆண்டு ஏப்ரல் 21 அன்று மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைந்தது. டெல்டா எனப்படும் ஆற்றோரத் தாழ்நிலத்தின் பெரும்பகுதி முழுகிப்போனது. அந்த வெள்ளத்தில் ஆற்றின் நெடுகிலும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. மேட்டு நிலத்திலிருந்து டெல்டாவுக்குள் இறங்கும் சிற்றாறுகளை மறித்தே தீரவேண்டும் என்று முடிவாகி, ராணுவப் பொறியாளர் படை நான்கு அணைகளைக் கட்டியது. சார்டிஸ் 1940-ல் முடிந்தது, ஆர்கபட்லா 1943-ல், ஈனிட் 1952-ல், கிரெனடா 1954-ல்.

மீனை நினைத்து யாரும் இவற்றைக் கட்டவில்லை. ஆனாலும் ஈனிட் அணை முடிந்த ஐந்தே ஆண்டில், 1957 ஜூலை 31 அன்று, அந்த ஏரியில் 5 பவுண்டு 3 அவுன்ஸ் எடையில் ஒரு வெள்ளைக் கிராப்பி அகப்பட்டது. உலகச் சாதனையாகப் பதிவான மீன் அது.

அணைகளுக்கு முன்பு இங்கே தூண்டில் போட்டவர்களுக்குக் கனம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆறு தடம் மாறியபோது விட்டுச்சென்ற வளைவு ஏரிகளில் தண்ணீர் அசையாது. சைப்ரஸ் மரத்தின் தூரோரமாகப் படகை நிறுத்தி, ஒரே ஒரு மூங்கில் கோலை நீட்டி, தக்கைக்குக் கீழே பயறளவு ஈயத்தைக் கடித்து இறுக்கிவிட்டால் போதும். சின்ன மீன் இரை நேராக இறங்கி அந்த இடத்திலேயே நிற்கும். மெம்பிஸில் என் எதிர் வீட்டுப் பெரியவர் சிறுவயதில் அப்படித்தான் பிடித்தாராம். எனக்குக் கிராப்பி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

புது ஏரிகளின் குணமே வேறு. வசந்தகால மழையை வாங்கிக்கொள்ள இடம் வேண்டும் என்பதற்காக இலையுதிர்காலத்தில் மதகைத் திறந்து நீரை இறக்கிவிடுவார்கள். சார்டிஸில் கோடை மட்டத்துக்கும் குளிர்கால மட்டத்துக்கும் இருபது அடிக்கு மேல் வித்தியாசம். நீர் இறங்கினால் கரையோரப் புதரும் மரமும் வறண்ட நிலத்தில் நிற்கும். மிஞ்சுவது கலங்கிய, ஒதுங்க மறைவில்லாத வெட்டவெளி நீர். கிராப்பி அங்கே கூட்டமாக அலையும். ஒரு மரத்தடியில் காத்திருந்தால் கிடைக்காது, தேடிப் போகவேண்டும்.

தேடிப் போகக் கருவிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சத்தமில்லாமல் படகை நகர்த்தும் மின்மோட்டாரை 1934-லேயே வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் செய்யத் தொடங்கியிருந்தார்கள். 1959-ல் லோரன்ஸ் நிறுவனத்தின் பச்சைப் பெட்டி வந்தது. ஆழத்தையும் மீனையும் ஒலியால் காட்டியது. மூங்கில் போய்க் கண்ணாடி இழைக் கோலும், பிறகு கிராஃபைட் கோலும் வந்தன. படகின் முன்பக்கம் 14 அடி, 16 அடிக் கோல்களை வரிசையாகத் தாங்கியில் செருகி, ஆள் நடப்பதைவிட மெதுவாக நகரும் முறை வழக்கமானது. கோல்கள் சிலந்திக் கால்போல விரிந்து நிற்பதால் அதற்கு ஸ்பைடர் ரிக்கிங் என்று பெயர்.

இங்கேதான் குண்டின் எடை முக்கியமாகிறது. படகு நகரும்போது நரம்பு பின்னால் சாயும். 15 அடி நரம்பு 30 பாகை சாய்ந்தால் இரை 13 அடியில்தான் நிற்கும். கிராப்பி மேலே பார்த்து இரை எடுக்கும் மீன். அதன் தலைக்குச் சற்று மேலே இரை போகவேண்டும். கலங்கல் நீரில் இரண்டடி தள்ளிப்போனால் அதன் கண்ணில் படாது. ஆகவே நரம்பு செங்குத்தாகத் தொங்கும் அளவுக்குக் கனம் வேண்டும். காற்றில்லாத நாளில் அரை அவுன்ஸ் போதும். அலை எழுந்தால் முக்கால், அதற்கும் அடங்காவிட்டால் ஒன்று. எத்தனை கோல் வைத்தாலும் எல்லாவற்றிலும் ஒரே எடை இருக்கவேண்டும். ஒரு கோலில் அரை அவுன்ஸ், இன்னொன்றில் ஒரு அவுன்ஸ் என்று கலந்து போட்டால் ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு கோணத்தில் சாயும். படகைத் திருப்பியதும் எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

பெரியவர் படகில் உட்கார்ந்து நான் கவனித்த ஒன்று: முக்கால் அவுன்ஸ் கனத்தில் கோலின் நுனி எப்போதும் சற்று வளைந்தே இருந்தது. மீன் கடித்தபோது அது கீழே இழுபடவில்லை, மெல்ல நிமிர்ந்தது. கீழிருந்து வந்த கிராப்பி இரையோடு குண்டையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறது. குண்டு இலேசாக இருந்திருந்தால் அந்த நிமிர்வு கண்ணுக்கே தெரிந்திருக்காது. நுனி நிமிர்ந்த கணமே அவர் கோலை எடுத்துவிட்டார்.

எல்லா ஊருக்கும் இதே கணக்கு பொருந்தாது. 1944-ல் டென்னசி ஆற்றை மறித்து உண்டான கென்டக்கி ஏரியில், பழைய ஆற்றுப்படுகையின் விளிம்பில் அடிமரக் கட்டைகள் நிறைய. அங்கே குண்டு நரம்பின் அடிநுனியில் தொங்கும், முட்கள் அதற்கு மேலே இருக்கும். கட்டையில் முதலில் குண்டு தட்டும். முள் மாட்டாமல் தப்பும். சார்டிஸ் பக்கமோ பலர் குண்டை இரண்டு முட்களுக்கும் நடுவில் வைக்கிறார்கள். அவரவர் ஏரியின் அடித்தரை அப்படிச் செய்யவைத்திருக்கிறது.

ஈயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். லூன் பறவைகள் ஈயக்குண்டுகளை விழுங்கிச் சாவதைக் கண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2000-ம் ஆண்டிலேயே சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை கொண்டுவந்தது. ஈயத்துக்குப் பதிலாக டங்ஸ்டன் குண்டு போடலாம். விலை கூடுதல்தான்; ஆனால் ஈயத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே எடை சின்ன உருவில் கிடைக்கும்.

குளிர்காலத்தில் சார்டிஸ் பக்கம் போகிறவர்கள் கிளம்புமுன் அன்றைய நீர்மட்டத்தைப் பாருங்கள். பொறியாளர் படை தினமும் வெளியிடுகிறது. ஓர் ஆளுக்கு எத்தனை கோல் என்ற மாநில விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் வடிந்த சேற்றில் அறுந்துபோன குண்டுகள் கிடந்தால் பொறுக்கிக்கொண்டு வாருங்கள்.