காட் மீனும் ஒரு சங்கமும்

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டதும், ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் செட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆகவே, வரலாறு படித்தவன் என்ற முறையில் வேறொரு சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, பொழுது போகாமல் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது இது.

அந்த ஊரில் 1933-இல் ஒரு மதிய உணவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பெயர் டோர்ஸ்கே க்ளுப்பன். நார்வே மொழியில் டோர்ஸ்க் என்றால் காட் மீன். காட் மீன் கிளப், அவ்வளவுதான் அர்த்தம். நார்வே வம்சாவளி ஆண்கள் கூடி, வேகவைத்த காட் மீனை உருக்கிய வெண்ணெயோடும் அவித்த உருளைக்கிழங்கோடும் சாப்பிடுவார்கள். பாட்டு உண்டு, பேச்சு உண்டு. தலைவருக்கு 'பாஸ்' என்று பெயர்! காரம், புளி எதுவும் கிடையாது. நம்ம நாக்குக்கு அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு.

இதற்கு ஒரு சங்கமா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1825 ஜூலையில் ஸ்டாவங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டோரேஷன்' என்ற சின்னக் கப்பல் 52 பேரோடு கிளம்பியது. வழியில் ஒரு குழந்தை பிறந்து, அக்டோபரில் நியூயார்க்கில் இறங்கியவர்கள் 53 பேர். அடுத்த நூறு ஆண்டுகளில் சுமார் 8 லட்சம் பேர் அவர்கள் பின்னால் போனார்கள். நார்வே போன்ற சின்ன நாட்டுக்கு இது பாதி ஊர் காலியான மாதிரி. 1895-இல் மினியாபொலிஸில் 18 பேர் சேர்ந்து 'சன்ஸ் ஆஃப் நார்வே' அமைப்பைத் தொடங்கினார்கள். நோய் வந்தாலோ சாவு வந்தாலோ குடும்பத்துக்குக் கை கொடுக்க ஏற்பட்டது அது. அன்றைக்குச் சங்கம் என்றால் வயிற்றுப் பிரச்சினை.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. நார்வே நடுநிலை நாடு. ஆனாலும் அந்நிய மொழி பேசினாலே சந்தேகம். பக்கத்து அயோவா மாநிலத்தில் 1918-இல் ஆளுநரே உத்தரவு போட்டார்: பள்ளி, சர்ச், ரயில், டெலிபோன் எங்கும் ஆங்கிலம் மட்டும். கிழவிகள் டெலிபோனில் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். 1924-இல் குடியேற்றச் சட்டம் புது ஆட்களின் வரவைச் சுருக்கியது. 1929-இல் பொருளாதார மந்தம். 'மினியாபொலிஸ் டிடெண்டே' என்ற நார்வே மொழிப் பத்திரிகை 1935-இல் நின்றே போனது.

இதற்கு நடுவில்தான் 1933. நாக்குக்கு இரண்டு வேலை. பேச்சு போய்க்கொண்டிருந்த நேரத்தில் ருசியையாவது காப்பாற்றிக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம். மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "ஆம்பளைங்க மட்டும் சாப்பிட்டா, சமைக்கிறது யாராம்?" நியாயமான கேள்வி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பெண்கள் 'லாக்ஸலாகெட்' என்று தனியாக ஒன்று தொடங்கிவிட்டார்கள். லாக்ஸ் என்றால் சால்மன் மீன். காட் மீனுக்குப் பதில் சால்மன்!

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காட் மீன் கிளப் சாப்பிட்டதோடு நிற்கவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு உதவித்தொகை வைத்திருக்கிறது. அங்கு படிக்க வரும் நார்வே மாணவர்களுக்கும், நார்வே போய்ப் படிக்கும் மினசோட்டா மாணவர்களுக்கும். நம் சங்கத்தில் அப்படியொரு நிதிக்காக மூன்று வருஷமாகத் தீர்மானம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் பேரனுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சும் பாதிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பாட்டியிடம் வந்து, "மீன் கொழம்பு, பாட்டி" என்பான். உச்சரிப்பில் ஒரு பிசிறு இருக்காது.

இந்த வருஷ ஒன்றுகூடலில் பஃபே வேண்டாம், பழையபடி பந்தி போட்டு இலையில் பரிமாறுங்கள் என்று செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.