துருவை வச்சே துருவை அடக்குன கதை

துப்பாக்கின்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது சினிமாதான். ஹீரோ இடுப்புல இருந்து உருவுவார், வெயில் பட்டுப் பளபளன்னு மின்னும், வில்லன் கண்ணைச் சுருக்குவான். நிஜத்துல ஒரு சிப்பாய் கையில அப்படி மின்னுற துப்பாக்கி இருந்தா அவனுக்கு ரெண்டு ஆபத்து. எதிரிக்குத் தூரத்துல இருந்தே தெரியும். அதைவிட முக்கியம், மேல எந்தப் பூச்சும் இல்லாத வெறும் எஃகு சீக்கிரமே துருப்பிடிக்கும்.

நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது சாஃப்ட்வேர் (நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் கதை இதுதானே!). நாலு வருஷப் படிப்புல மறக்காம மனசுல நின்ன சில விஷயங்கள்ல துருவும் ஒண்ணு. துப்பாக்கி எஃகைத் துருவுல இருந்து காப்பாத்த மனுஷன் பட்ட பாடு ஒரு நல்ல வரலாறு. கொஞ்சம் பொறுமையாப் படிங்க, கடைசியில ஒரு சோகமும் இருக்கு.

எதிரி யாரு?

இரும்பு, ஆக்ஸிஜன், ஈரம் மூணும் சேர்ந்தா துரு. கூட உப்பும் சேர்ந்தா வேகம் பிடிச்சுக்கும். துப்பாக்கியில கொடுமை என்னன்னா, அந்த உப்பை அதுவே தயார் பண்ணிக்கும். பழைய கரும் வெடிமருந்து எரிஞ்ச பிறகு மிஞ்சுற கசடு காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். பிறகு வந்த தோட்டாக்கள்ல நெடுங்காலம் ப்ரைமருக்குப் பொட்டாசியம் குளோரேட் போட்டாங்க. அது வெடிச்சதும் பொட்டாசியம் குளோரைடா மாறிக் குழலுக்குள்ள படியும். அதுவும் நம்ம சமையல் உப்பு மாதிரியே ஒரு உப்புதான். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணிதான் கரைக்கும். அதனாலதான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு முடிச்சதும் குழலுக்குள்ள கொதிக்கிற தண்ணியை ஊத்திக் கழுவுனாங்க. துருப்பிடிக்காம இருக்கத் தண்ணி ஊத்தறது வேடிக்கையாத் தெரியும், ஆனா வேதியியல் அப்படி.

செங்கல்பொடி காலம்

18ஆம் நூற்றாண்டுல பிரிட்டிஷ் படையோட 'பிரவுன் பெஸ்' மஸ்கெட் உலகம் பூரா சுத்துச்சு. பேருல பிரவுன் இருக்கேன்னு குழலும் பழுப்பு நிறம்னு நினைச்சுடாதீங்க. முதல் பல பத்தாண்டுகளுக்கு அதோட குழல் வெள்ளையாப் பளபளன்னுதான் இருந்துச்சு. அணிவகுப்புல மின்னணும்னு சிப்பாய்கள் செங்கல்பொடி போட்டுத் தேய்ப்பாங்க. நம்ம பாட்டிகள் பாத்திரம் தேய்ச்ச அதே டெக்னிக்! தேய்க்கத் தேய்க்கத் துரு போகும், கூடவே இரும்பும் போகும். வருஷக்கணக்குல தேய்ச்சா குழலோட சுவரே மெலிஞ்சுடும்.

இதுக்கு மாற்றா வந்ததுதான் பிரவுனிங். முள்ளை முள்ளால எடுக்குற வித்தை. அமில உப்புக் கரைசலைக் குழல் மேல தடவி, ஈரமான அறையில வச்சு, வேணும்னே துருப்பிடிக்க விடுவாங்க. மேலாகப் பொடியா நிக்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி தடவுவாங்க. இப்படிப் பல தடவை பண்ணினா, உதிராத, நெருக்கமான பழுப்புத் தோல் ஒண்ணு உருவாகும். எண்ணெய் போட்டா அதோட நிறுத்திக்கும்.

சிவப்பும் கறுப்பும்

சாதாரணச் சிவப்புத் துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைச்சுக்கும். அதனால உப்பி, செதில் செதிலா உதிரும். உதிர்ந்ததும் அடியில புது இரும்பு காத்துக்குத் திறந்துக்கும், அதுவும் துருப்பிடிக்கும், நிக்கவே நிக்காது. இரும்போட இன்னொரு ஆக்ஸைடு, மேக்னடைட்டுன்னு சொல்ற கறுப்பு ஆக்ஸைடு, வேற குணம். அது எஃகை இறுக்கமாப் பிடிச்சுக்கும்.

பிரவுனிங் பண்ணின குழலைத் தண்ணியில கொதிக்க வச்சா, சிவப்புத் துரு இந்தக் கறுப்பு ஆக்ஸைடா மாறும். தேய்க்க, தடவ, துருவ விட, மறுபடி கொதிக்க வைக்க... நாள்கணக்குல நடக்குற இந்த வேலைக்குப் பேரு ரஸ்ட் ப்ளூயிங். நல்ல கைவேலைக்காரர் பண்ணினா கருநீலத்துல ஒரு ஆழம் தெரியும்.

நாள்கணக்கு வேலை தொழிற்சாலைக்கு ஆகுமா? 1930களுக்குப் பிறகு காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து, 140 டிகிரி செல்சியஸ் அளவுல கொதிக்கிற தொட்டியில முக்கி எடுக்குற முறை பரவுச்சு. அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுடும். ஆனா இதுலயும் ஒரு சிக்கல். ரெட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகள்ல ரெண்டு குழலையும் ஈயப் பத்துவச்சு ஒட்டியிருப்பாங்க. காஸ்டிக் தொட்டி அந்தப் பத்தையே தின்னுடும். அதனால அந்த மாதிரி துப்பாக்கிகளுக்கு இன்னைக்கும் பழைய ரஸ்ட் ப்ளூயிங்தான்.

ஆனா எந்த ப்ளூயிங்கும் மிக மெல்லிய தோல்தான். எண்ணெய் காஞ்சா, கை வேர்வை பட்டா, கொஞ்ச நாள்ல விட்டுடும்.

தோசைக்கல் தத்துவம்

அடுத்த பெரிய பாய்ச்சல் துப்பாக்கி உலகத்துல இருந்து வரல. பர்மிங்காம்காரர் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட், பாஸ்பாரிக் அமிலக் கரைசல்ல இரும்பைச் சூடாக்கித் துருவைத் தடுக்குற முறைக்கு 1906ல காப்புரிமை வாங்கினார். அது அமெரிக்காவுக்குப் போய், 1915ல டெட்ராய்ட்டுல பார்க்கர் ரஸ்ட் ப்ரூஃப் கம்பெனியா முளைச்சுது. அதுல இருந்து வந்த பேருதான் பார்க்கரைசிங்.

உள்ளே நடக்குறது ரொம்ப அழகு. அமிலம் எஃகோட மேல்பரப்பைக் கொஞ்சமாத் தின்னும். தின்னத் தின்ன அந்த இடத்துல மட்டும் அமிலத்தன்மை குறையும். குறைஞ்சதும் கரைசல்ல இருக்குற துத்தநாகமோ மாங்கனீஸோ, கரையாத பாஸ்பேட் படிகமா எஃகு மேலயே வளரும். பூச்சு அடிக்கிறதில்ல இது, எஃகு மேல பயிர் வளர்க்குற மாதிரி.

இந்தப் படிகப் படலம் சொரசொரன்னு, மங்கலான சாம்பல் நிறத்துல, துளித்துளி ஓட்டைகளோட இருக்கும். அழகே இல்ல. ஓட்டை இருக்குற பூச்சு எப்படிக் காப்பாத்தும்? அந்த ஓட்டைதான் அதோட பலமே. எண்ணெயைக் குடிச்சு உள்ளயே வச்சுக்கும். நல்லாப் பழகுன தோசைக்கல் எண்ணெயைப் பிடிச்சு வச்சுக்கிறதை நினைச்சுக்குங்க. மங்கலா இருக்குறதால வெயில்லயும் மின்னாது.

அமெரிக்க ராணுவம் 1918ல ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளுக்கு இதைப் போட ஆரம்பிச்சுது. இரண்டாம் உலகப்போர் முடியறதுக்குள்ள செஞ்ச சுமார் 40 லட்சம் எம்1 கேரண்டுகளும் இந்தச் சாம்பல் சட்டைதான் போட்டிருந்துச்சு. கார், பைக் பாடிக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி பண்ற பாஸ்பேட்டிங்கும் இதே குடும்பம்தான்.

சுண்டுவிரல் நீளத்துல ஒரு தப்பு

வெளியே பாஸ்பேட் சரி. உள்ளே? தோட்டா வெடிக்கிற அறையிலயும் குழலுக்குள்ளயும் சூடு, அழுத்தம், உரசல், கசடு எல்லாம் சேர்ந்து அடிக்கும். அங்கே தேவை கடினமான குரோமிய முலாம். ஜப்பான் 1939ல ஏத்துக்கிட்ட டைப் 99 ரைஃபிளோட குழலுக்குள்ள குரோமியம் போட்டிருந்தாங்க. போரோட கடைசியில தட்டுப்பாடு வந்ததும் அதை விட்டுட்டாங்க. பிறகு சோவியத் ஏகே ரைஃபிளுக்கும் குரோமியம் வந்துச்சு.

அமெரிக்காவுக்கும் இது தெரியாம இல்ல. எம்14 ரைஃபிள் குழலுக்குள்ள குரோமியம் இருந்துச்சு. ஆனா அடுத்து வந்த எம்16ஐ வியட்நாமுக்கு அனுப்பினப்ப அறைக்குக்கூட குரோமியம் இல்ல. இந்தத் துப்பாக்கியை அடிக்கடி சுத்தம் பண்ணவே வேண்டாம்னு ஒரு பேச்சு வேற. பலருக்குச் சுத்தம் பண்ற சாமான்கூட கிடைக்கல. போதாக்குறைக்கு வெடிமருந்தோட வகையையும் மாத்தியிருந்தாங்க, அது அதிகக் கசடு விட்டுது.

வியட்நாம் ஈரத்துல தோட்டா அறை அரிச்சுப் பள்ளம் விழுந்துச்சு. சுட்டதும் காலி உறை அந்தப் பள்ளத்துல சிக்கிக்கும், வெளியே வராது. சண்டை நடுவுல குழலோட வாய் வழியாக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ளணும். எதிர்ல இருக்குறவன் அதுவரைக்கும் காத்திருப்பானா? பிரிச்சுப் போட்ட ரைஃபிள் பக்கத்துலயே செத்துக் கிடந்த வீரர்களைப் பத்தி ஊருக்குக் கடிதங்கள் போச்சு. 1967ல ரிச்சர்ட் ஐகார்டு தலைமையில நாடாளுமன்ற துணைக்குழு விசாரிச்சு, நிர்வாகத்தைக் கடுமையாக் கண்டிச்சுது. அறைக்குக் குரோமியம் வந்துச்சு, பிறகு குழல் முழுசுக்கும் வந்துச்சு.

அந்த அறை கிட்டத்தட்ட 45 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நீளம்கூட வராது. வெளிப்பக்கம் அத்தனையும் பிரமாதமாப் பாதுகாக்கப்பட்ட துப்பாக்கி அது. வெள்ளம் புகுந்தது யார் கண்ணுலயும் படாத அந்த ஓட்டை வழியாத்தான்.

கடைசியா

1982ல ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் 17 கைத்துப்பாக்கியை ஏத்துக்கிட்டப்ப கதை இன்னொரு படி ஏறுச்சு. அதுல எஃகு மேல எதையும் போர்த்துறதோட நிறுத்தல. சூடான உப்புத் தொட்டியில வச்சு நைட்ரஜனையும் கார்பனையும் எஃகுக்குள்ளயே ஊற விட்டாங்க. டெனிஃபர்னு பேரு. மேல தெரியுற கறுப்பு தேஞ்சு போனாலும் அடியில இருக்குற பாதுகாப்பு போகாது, ஏன்னா அது சட்டையே இல்ல, எஃகோட சதையாவே ஆயிடுச்சு.

வரிசையாப் பார்த்தா, முதல்ல மின்னணும்னு இரும்பையே தேய்ச்சுத் தீர்த்தோம். அப்புறம் துருவையே தோலாக்கினோம், எண்ணெய் குடிக்கிற படிகத்தை வளர்த்தோம், கடைசியில எஃகையே மாத்தினோம். ஒவ்வொரு படியிலயும் பார்வைக்கு அழகு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, ஆயுசு கூடிக்கிட்டே போச்சு.

கோடு எழுதற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: டெமோவுல எல்லாரும் பார்க்குற ஸ்க்ரீன்ல ஆளைக் கொல்ற பிழை அனேகமா இருக்காது. 45 மில்லிமீட்டர்ல எங்கேயாவது உட்கார்ந்திருக்கும்.

டிஸ்கி: தாத்தா காலத்து லைசன்ஸ் துப்பாக்கி யார் வீட்டுலயாவது இருந்தா, பழுப்பேறிப் போச்சேன்னு உப்புக்காகிதம் போட்டுத் தேய்ச்சுடாதீங்க. அந்தப் பழுப்பு யாரோ பல நாள் உட்கார்ந்து வளர்த்த தோலா இருக்கலாம்.