ஊரார் தேர்ந்த காவலர்: இங்கிலாந்தில் கிராமக் கான்ஸ்டபிள் பதவி மறைந்த வரலாறு

இங்கிலாந்துக் கிராமங்களில் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் ஒழுங்கைக் காத்தவர்கள் சீருடையோ ஊதியமோ இல்லாத உழவர்களும் கைவினைஞர்களும்தான். 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் இரவுக்காவலையும், கூக்குரல் எழுப்பி ஊரே குற்றவாளியைத் துரத்தும் கடமையையும் உறுதிப்படுத்தியது. பின்னர் பல ஊர்களில் ‘லீட்’ என்னும் ஊர்மன்றம் ஆண்டுக்கு ஒருவரைக் கான்ஸ்டபிளாகத் தேர்ந்தது. சில ஊர்களில் வீட்டு முறைப்படி பதவி சுற்றிவந்தது. இந்த அமைப்பு திறமையின்மையால் தானாகச் சரிந்தது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை. சரிவுக்குத் திறமையின்மையைவிட, அந்தக் காவலர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியே பெரிய காரணம் என்பது என் வாதம்.

ஷேக்ஸ்பியரின் டாக்பெரி என்னும் கோமாளிக் கான்ஸ்டபிளை முன்னிறுத்தி இதை மறுப்பதுண்டு. ஆனால் நாடக நகைச்சுவை நிர்வாக ஆவணம் ஆகாது. 1580 முதல் 1642 வரையிலான கான்ஸ்டபிள்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜோன் கென்ட், அவர்களில் கணிசமானோர் ஊரின் ஓரளவு வசதியுள்ள, மதிப்புள்ள குடும்பத்தினர் என்று காட்டினார். அவர்கள் தயங்கிய இடங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 1630களில் மன்னர் முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றிக் கப்பல்வரி விதித்தபோது, அதை வசூலிக்கும் சுமை கான்ஸ்டபிள்கள்மேல் விழுந்தது. பலர் இழுத்தடித்தார்கள், சிலர் மறுத்தே விட்டார்கள். வரியைக் கட்டவேண்டியவர்கள் அவர்களுடைய அண்டைவீட்டார். ஓராண்டுப் பதவி முடிந்தால் கான்ஸ்டபிள் அந்த அண்டைவீட்டார் நடுவேதான் மீண்டும் வாழவேண்டும். அரசின் கண்ணுக்குச் சோம்பலாகத் தெரிந்தது, ஊரின் கண்ணுக்குப் பொறுப்பாக இருந்தது. இந்த இருமுகப் பொறுப்பை நாம் குறையாக மட்டும் எழுதிவைப்பது நியாயமன்று.

இந்தப் பழைய முறையைப் பொற்காலமாக்கவும் முடியாது. மன்றத்தில் குரல் இருந்தது பெரும்பாலும் குடும்பத் தலைவர்களான ஆண்களுக்கு. அலைந்து திரிந்த ஏழைகளைச் சவுக்கால் அடித்து ஊர்கடத்தியதும் இதே கான்ஸ்டபிள்தான். வசதியுள்ளவர்கள் கூலிக்கு மாற்றாள் வைத்துத் தப்பினார்கள். தொழிற்புரட்சியில் வீங்கிய நகரங்களில் அயலார் ஒருவரையொருவர் அறியவில்லை. அங்கே ஆண்டுக்கொருவர் முறை பொருந்தவில்லை என்பது உண்மையே. ஆனால் அந்த வாதத்தை நாட்டுப்புறத்துக்கும் நீட்டியது காவல்படை குறித்த 1839ஆம் ஆண்டின் அரச ஆணைக்குழு அறிக்கை. அதை முன்னின்று எழுதியவர் மத்திய நிர்வாகத்தின் தீவிர ஆதரவாளரான எட்வின் சாட்விக். உடன் உறுப்பினரான சார்லஸ் ரோவன் லண்டன் காவல்படையின் ஆணையர். பழைய முறையை எடைபோட்டவர்களுள் ஒருவர் புதிய முறையின் தலைவர் என்பதை மறந்து அந்த அறிக்கையை வாசிக்கக் கூடாது.

காவலர் பதில் சொல்ல வேண்டிய இடம் ஊரைவிட்டு விலகியதைச் சட்டங்கள் நகர்ந்த திசையும் காட்டுகிறது. 1842இல் பாரிஷ் என்னும் ஊர் நிர்வாக அலகு தகுதியானவர்களின் பட்டியல் தரும், கான்ஸ்டபிளை நீதிபதிகள் நியமிப்பார்கள் என்றானது. 1856இல் கவுண்டி எனப்படும் எல்லா மாவட்டங்களுக்கும் ஊதியக் காவல்படை கட்டாயமாயிற்று. மத்திய ஆய்வாளர் திறமைச் சான்று அளித்தால் சம்பள, உடைச் செலவில் கால் பங்கை அரசு ஏற்றது. பணம் வந்த வழியே மேற்பார்வையும் வந்தது. 1872இல் பாரிஷ் கான்ஸ்டபிளை நியமிக்கும் பொதுக்கடமையும் நீங்கியது. கவுண்டிக் காவல்படைமேல் அதிகாரம் செலுத்திய நீதிபதிகளோ எவராலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம்தான் கவுண்டிக் காவல்படையை மேற்பார்வையிடும் குழுவில் பாதி இடத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்குத் தந்தது. மறுபாதி நீதிபதிகளிடமே இருந்தது.