பூட்டிய வீடும் வீசப்பட்ட சாமான்களும்: குடியிருப்பவரின் ஜங்கம சொத்துரிமை குறித்து ஓர் ஆராய்ச்சி

வீட்டுச் சொந்தக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே எழும் வியாஜ்யங்களைப் பற்றி நம் நாட்டில் குவிந்திருக்கும் தீர்ப்புகளும் விளக்கவுரைகளும் பெரும்பாலும் சுவரையும் கூரையையும் பற்றியே பேசுகின்றன. வீடு யாருடைய சுவாதீனத்தில் இருந்தது, குத்தகை எந்தத் தேதியில் முடிந்தது, நோட்டீஸ் முறைப்படி சார்வு செய்யப்பட்டதா என்னும் வினாக்களைப் பக்கம் பக்கமாக ஆராயும் நியாய சாஸ்திரம், அந்த வீட்டுக்குள் இருந்த இரும்புப் பெட்டியும் அரிசிப் பானையும் தையல் மிஷினும் குழந்தையின் பள்ளிச் சான்றிதழும் என்னவாயின என்ற கேள்விக்கு வந்து சேரும்போது மட்டும், நஷ்ட ஈடு என்னும் ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஸ்தாவர சொத்துக்குக் காட்டிய கவனத்தில் பத்தில் ஒரு பங்கேனும் ஜங்கம சொத்துக்குக் காட்டப்படாத இந்தக் குறையையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றுவது ஒரு தவறு. அவருடைய சாமான்களைத் தெருவில் வீசுவதும், விற்பதும், அழிப்பதும் தனித்ததொரு தவறு, பல சமயங்களில் முன்னதைக் காட்டிலும் கொடியது. ஆகையால் அச்சாமான்கள் எவை, எத்தனை, என்ன மதிப்புள்ளவை என்ற சந்தேகம் எழுமானால், அதன் பாரம் வீசியவர் தலைமீதே விழவேண்டும் என்பது என் துணிபு.

வீட்டைப் பற்றிய சட்டம் தெளிவானது என்பதால் அதைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1877ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 9ஆம் பிரிவில் வைத்து, 1963ஆம் ஆண்டின் சட்டம் 6ஆம் பிரிவாக ஏற்றுக்கொண்ட விதி யாதெனில், தன் சம்மதமின்றியும் சட்ட நடைமுறை வழியாக அன்றியும் ஸ்தாவர சொத்தின் சுவாதீனத்தை இழந்தவர், எதிராளி எத்தகைய உரிமைமூலத்தைக் காட்டினாலும், ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டு அதைத் திரும்பப் பெறலாம் என்பதாம். சொந்தக்காரர் என்ற அந்தஸ்து இந்த வழக்கில் ஒரு எதிர்வாதமே ஆகாது. இந்தியாவில் சுவாதீனத்துக்கு உரிமையுள்ளவரும் நீதிமன்றத்தின் வழியாகவே அதை அடையவேண்டும், பலாத்காரத்தால் அடையக்கூடாது என்று மிட்னாப்பூர் ஜமீன்தாரி வழக்கில் 1924இல் பிரிவி கவுன்சில் உரைத்ததை, லல்லு யஷ்வந்த் சிங் வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் தனதாக்கிக்கொண்டது. 1989இல் கிருஷ்ண ராம் மகாலே வழக்கில், ஒருவருக்குத் தொடர்ந்து இருக்க உரிமையே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், நிலைபெற்ற சுவாதீனத்தில் இருப்பவரைச் சட்டத்தின் உதவியின்றி அப்புறப்படுத்தலாகாது என்று மீண்டும் சொல்லப்பட்டது. சென்னை ராஜதானியைப் பொறுத்தமட்டில், யுத்த காலத்து வீட்டு நெருக்கடியில் பிறந்த கட்டுப்பாட்டு உத்தரவுகளைத் தொடர்ந்து 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், அவற்றின் இடத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டமும், காரணங்களின் பட்டியலில் வேறுபட்டபோதிலும், காலி செய்விக்கும் அதிகாரம் வீட்டுக்காரரின் கையில் இல்லை, அதற்கென அமைந்த மன்றத்தின் கையிலேயே உள்ளது என்பதில் ஒன்றுபட்டே நிற்கின்றன.

சாமான்களின் கதை இவ்வளவு நேரானதன்று. வாடகை பாக்கி நின்றால் உள்ளே இருக்கும் பொருள்களைப் பிடித்துவைக்கச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு என்னும் எண்ணம் நம் நகரங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஒண்டுக்குடித்தனங்களில் முத்திரைத்தாளில் எழுதப்படும் ஒப்பந்தங்களில், "பாக்கி இருந்தால் பூட்டை உடைத்துச் சாமான்களை வெளியே வைக்கச் சம்மதிக்கிறேன்" என்ற பொருளுள்ள ஷரத்துகளும் இடம்பெறுவதுண்டு. இந்த எண்ணத்துக்கு ஆதாரம் எங்கே என்று தேடிப் பார்ப்பது நலம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 171ஆம் பிரிவில், பொதுவான பாக்கிக்காகப் பிறர் பொருளைப் பிடித்துவைக்கும் பற்றுரிமை உடையவர் இன்னார் என்று எண்ணிச் சொல்கிறது: வங்கியாளர், வணிக முகவர், துறைமுகச் சரக்குக்கிடங்கினர், உயர் நீதிமன்ற அட்டர்னிகள், காப்பீட்டுத் தரகர். இந்த ஐவருக்கு அப்பால் எவருக்கும், வெளிப்படையான ஒப்பந்தமின்றி, அவ்வுரிமை இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் இந்த வரிசையில் இல்லாதது தற்செயலன்று; ஐவரும் பொருளைத் தம் வசம் ஒப்படைக்கப் பெற்றவர்கள், வாடகை வீட்டிலுள்ள பொருளோ குடியிருப்பவரின் சுவாதீனத்திலேயே இருப்பது. ஒப்படைக்கப்படாத பொருளின்மீது ஒப்பந்தத்தால் இத்தகைய பற்றுரிமையை உண்டாக்க முடியுமா என்பதே ஐயம். சட்ட நடைமுறையைத் தவிர்ப்பதையே நோக்கமாகக் கொண்ட ஷரத்தோ அதே சட்டத்தின் 23ஆம் பிரிவின் முன் நிற்கமாட்டாது.

வாடகைக்காகச் சாமான்களைக் கைப்பற்றும் வழக்கம் ஒன்று நம் சட்டத்தில் இருந்ததே என்று சிலர் கூறலாம். கூறுவது உண்மை; ஆனால் அதை முழுதும் படித்தால் அது என் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது. சென்னை உள்ளிட்ட ராஜதானி நகரங்களுக்காக இயற்றப்பட்ட 1882ஆம் ஆண்டின் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம், இங்கிலாந்தின் பழைய வழக்கத்தை ஒட்டி, வாடகை பாக்கிக்கு ஜப்தி செய்யும் முறையை வகுத்தது. அதன்படி சொந்தக்காரர் தாமே எதையும் தொடமுடியாது. பிரமாணப் பத்திரத்துடன் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து வாரண்டு பெறவேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கிக்கு வாரண்டு கிடையாது. ஜப்தி செய்பவர் நீதிமன்றச் சேவகர். சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில் மட்டுமே செய்யலாம். கைப்பற்றிய பொருள்களுக்கு ஜாபிதா எழுதிக் கடனாளிக்கு நோட்டீஸ் தரவேண்டும். அவர் உடுத்த வேண்டிய துணிகளையும், அந்த வேளையில் உபயோகத்தில் இருக்கும் பொருள்களையும் தொடலாகாது. அந்நிய ஆட்சி, சொத்துடையவர்களின் நலனை நாடி இயற்றிய சட்டமே, கடனாளியின் வீட்டில் இரவில் நுழையக்கூடாது என்றும், எடுத்ததை எழுதி வைக்கவேண்டும் என்றும் கருதியிருக்கிறது. இவ்வழக்கத்தின் பிறப்பிடமான இங்கிலாந்திலோ, 2007இல் இயற்றப்பட்ட சட்டம் 2014இல் நடைமுறைக்கு வந்தபோது குடியிருப்பு வீடுகளைப் பொறுத்து இந்த ஜப்தி அறவே ஒழிந்தது. எழுதிவைத்தல் என்னும் அந்தச் சிறு கடமையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதற்கே திரும்புவோம்.

இதனினும் ஆழமானது, 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைத் தொகுப்பின் 60ஆம் பிரிவு. வழக்குத் தொடுத்து, சாட்சிகளை விசாரித்து, டிக்ரி பெற்று, அமீனாவை அழைத்துக்கொண்டு கடனாளியின் வாசலில் வந்து நிற்கும் ஒருவருக்கும் சட்டம் சில பொருள்களை மறுக்கிறது: கடனாளிக்கும் அவர் மனைவி மக்களுக்கும் வேண்டிய உடைகள், சமையல் பாத்திரங்கள், கட்டில், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றலாகாத ஆபரணங்கள், கைவினைஞரின் கருவிகள், கணக்குப் புத்தகங்கள். இந்தப் பட்டியலை அடுக்களையிலிருந்து தொடங்கித் திருமாங்கல்யம் வரை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்ப்பவர், இதை வகுத்தவர்கள் ஒரு குடும்பம் மறுநாள் காலையில் எழுந்து சோறு பொங்கவும் தொழிலுக்குப் போகவும் என்ன வேண்டும் என்று யோசித்தே வகுத்தார்கள் என்பதை உணர்வார். நீதிமன்றத்தின் முழு அதிகாரமும் தொடத் துணியாத பாத்திரத்தையும் பாயையும், எந்த டிக்ரியும் பெறாத ஒரு தனிமனிதர் மழையில் வீசி எறிகிறார் என்றால், அந்தச் செயலை வாடகைத் தகராறின் ஓர் அம்சமாக மட்டும் காண்பது எவ்வாறு பொருந்தும்? டிக்ரி பெற்ற கடன்காரரைவிட டிக்ரி பெறாதவருக்கு அதிக அதிகாரம் இருக்கமுடியாது என்ற ஒரே நியாயம் போதும், இந்தச் செயலின் தன்மையை நிர்ணயிக்க.

குற்றவியல் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. ஆயினும் காவல் நிலையத்துக்குச் செல்லும் குடியிருப்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்பதுதான். அந்தப் பதில் பாதி உண்மை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் திருட்டையும் குற்றமுறு அத்துமீறலையும் இலக்கணப்படுத்தும்போது உடைமையை அன்றிச் சுவாதீனத்தையே அளவுகோலாகக் கொண்டது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நிற்கும் பாரதீய நியாய சன்ஹிதாவும் அந்த அளவுகோலை மாற்றவில்லை. பிறர் சுவாதீனத்திலுள்ள வீட்டுக்குள், அவரை அச்சுறுத்தவோ துன்புறுத்தவோ எண்ணி நுழையும் சொந்தக்காரரும் அத்துமீறியவரே. கடனை வசூலிப்பதற்காகத்தான் எடுத்தேன், திருடும் எண்ணமில்லை என்ற சமாதானத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1895இலேயே ஸ்ரீ சரண் சுங்கோ வழக்கில் ஏற்க மறுத்து, கடனாளியைப் பணியவைக்க அவர் பொருளை அவர் சம்மதமின்றி எடுத்துச்செல்வதும் திருட்டே என்று தீர்த்தது. நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்திருக்கும் இந்தத் தீர்ப்பு ஒவ்வொரு காவல் நிலையச் சுவரிலும் எழுதப்பட வேண்டியது என்று நான் கருதுகிறேன்.

குத்தகை உரிமையே இல்லாதவர் நிலை என்ன? திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் மாதக் கட்டணத்துக்கு ஒரு கட்டிலும் அலமாரியும் பெற்று வாழும் இளைஞர்களும், மகளிர் விடுதிகளில் தங்கி வேலைக்குச் செல்லும் பெண்களும், சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் வெறும் அனுமதி பெற்றவர்களே. அவர்களுக்காகப் பேசும் ஒரு விதி, 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் 63ஆம் பிரிவாக, அதிகம் எடுத்தாளப்படாமல் கிடக்கிறது: அனுமதி ரத்தாகும்போது, அதைப் பெற்றவர் வெளியேறவும் தாம் வைத்திருந்த பொருள்களை எடுத்துச்செல்லவும் நியாயமான அவகாசம் பெற உரியவர். இருக்கும் உரிமை முடிந்த பின்னும் பொருளை மீட்கும் உரிமை உயிரோடிருக்கிறது என்பதே இதன் சாரம். அனுமதி பெற்றவருக்கே இவ்வளவு என்றால், குத்தகைதாரருக்கு இதற்குக் குறைவாக இருக்க வழியில்லை. சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, சுவாதீனம் நீடிக்கும்வரைதான் எடுத்துச்செல்லலாம் என்று சொல்வதைச் சிலர் எதிராகக் காட்டுவர். அது நிலத்தோடு இணைக்கப்பட்டவற்றைப் பற்றியது, பெட்டி படுக்கையைப் பற்றியதன்று.

"அவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள்" என்பது வழக்கமான எதிர்வாதம். கைவிடுதல் என்பது மனத்தின் செயல்; பொருள் வேண்டாம் என்று ஒருவர் முடிவுசெய்திருக்க வேண்டும். வெளிப்புறப் பூட்டின் மேல் இன்னொரு பூட்டுப் போடப்பட்டதால் உள்ளே போகமுடியாதவர் எதையும் கைவிடவில்லை. உண்மையிலேயே ஒருவர் சொல்லாமல் போய்விட்ட இடத்திலும், வீட்டுக்காரர் அப்பொருள்களைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவில் கண்டெடுத்தவருக்குச் சொல்லப்பட்ட பொறுப்பு அவரையும் சாரும்: சாதாரண விவேகமுள்ளவர் தம் பொருளைக் காப்பதுபோல் காக்கவேண்டும்.

இனி நிவாரணம். குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வாதியிடமிருந்து தவறாக அபகரிக்கப்பட்ட ஜங்கமப் பொருளை அப்படியே திருப்பித் தருமாறு உத்தரவிட அதிகாரம் அளிக்கிறது. இழப்பைப் பணத்தால் ஈடுசெய்ய இயலாத பொருளுக்கும் அப்படியே. காலஞ்சென்ற தாயின் புகைப்படத்துக்கும் மூத்தோர் கைப்பட எழுதிய கடிதங்களுக்கும் சந்தை விலை ஏது? வீட்டை மீட்கும் சுருக்க வழக்குக்கு ஆறு மாதமே அவகாசம் என்றாலும், காலவரையறைச் சட்டம் பொருளுக்கு மூன்றாண்டுகள் தருகிறது. ஆனால் பொருள் கைமாறிப்போய், காயலான் கடையில் எடைக்குப் போடப்பட்டு, அல்லது மழையில் கரைந்துவிட்டபின் இந்த அதிகாரத்தால் பயனில்லை. அப்போது எஞ்சுவது நஷ்ட ஈடு ஒன்றே, அதற்கோ ருசு வேண்டும். என்னென்ன இருந்தன என்று காட்டக்கூடிய ரசீதுகளும் ரேஷன் அட்டையும் சான்றிதழ்களும் தூக்கியெறியப்பட்ட அதே பெட்டியில்தான் இருந்தன. தவறிழைத்தவரே சாட்சியத்தையும் அழித்துவிட்டு, சாட்சியம் எங்கே என்று கேட்பதற்கு இடங்கொடுக்கும் இந்நிலையே நம் சட்டத்தின் பெருங்குறை.

இதற்கு மருந்து 1722ஆம் ஆண்டின் ஆங்கிலேய வழக்கொன்றில் கிடக்கிறது. புகைக்கூண்டு துடைக்கும் ஒரு சிறுவன் கண்டெடுத்த நகையை மதிப்பறிய ஒரு பொற்கொல்லர் கடைக்குக் கொண்டுபோக, கடைப் பையன் எடைபார்ப்பதாகச் சொல்லிக் கற்களைக் கழற்றிக்கொண்டு வெறுங்கூட்டைத் திருப்பிக் கொடுத்தான். கல்லைக் காட்டாதவரையில், அந்தக் கூட்டுக்குப் பொருந்தக்கூடிய கற்களிலெல்லாம் உயர்ந்த கல்லே அதில் இருந்ததாகக் கொண்டு மதிப்பிடுக என்று நீதிபதி பணித்தார். ஆர்மரி வழக்கு என்று வழங்கும் அத்தீர்ப்பின் நியாயம் நமக்குப் புதியதன்று. தன் வசமுள்ள சாட்சியத்தை மறைப்பவருக்கு எதிராக அனுமானிக்கலாம் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 114ஆம் பிரிவின் உதாரணத்தில் சொன்னதும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். வேண்டுவது, "அனுமானிக்கலாம்" என்பதை இந்த வகை வழக்குகளில் "அனுமானிக்க வேண்டும்" என்று ஆக்குவது. நீதிமன்ற உத்தரவின்றி வெளியேற்றப்பட்ட குடியிருப்பவர் தம் சாமான்களைப் பிரமாணப் பத்திரத்தில் பட்டியலிட்டால், குடும்பத்தின் நிலைக்கு அது பொருந்துவதாயிருக்கும்வரை, எதிராளி மறுத்து ருசுப்படுத்தும்வரை, அதை உண்மையென்றே கொள்ளவேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் வாடகை அதிகாரிக்குக் குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைப் பற்றி விரைந்து உத்தரவிடும் அதிகாரம் தந்திருக்கிறது; அதன் பக்கத்திலேயே சாமான்களுக்கும் ஒரு பிரிவு சேர்ப்பது பெரிய காரியமன்று.

குடியிருப்பவர் இல்லாத நகையை எல்லாம் பட்டியலில் எழுதிவிடுவாரே என்ற அச்சம் நியாயமானது. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. சில வழக்குகளில் அது நடக்கவும் கூடும். ஆனால் அந்த அச்சத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் வழி முழுவதும் வீட்டுக்காரர் கையிலேயே இருந்தது: மன்றத்தை நாடி உத்தரவு பெற்று, அமீனா முன்னிலையில் கதவைத் திறந்திருந்தால், 1882இலேயே சட்டம் கேட்ட அந்த ஜாபிதா எழுதப்பட்டிருக்கும், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு தாளின் முன் எந்தப் பொய்ப் பட்டியலும் நின்றிருக்காது. அந்தத் தாளை வேண்டாமென்று ஒதுக்கியவர் அவர். பள்ளிச் சான்றிதழ், பட்டா நகல், மருத்துவக் குறிப்பேடு போன்றவற்றைப் பொறுத்தமட்டில் தொகை நிர்ணயிப்பதே பொருந்தாது. அவற்றின் நகல்களைப் பெற ஆகும் கட்டணத்தையும், அவற்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவதால் குடியிருப்பவர் இழக்கும் நாட்களின் கூலியையும், வழக்கின் இறுதித் தீர்ப்பு வரை காத்திராமல், முதல் விசாரணை நாளிலேயே பிரதிவாதி கட்டவேண்டும் என்று உத்தரவிடுவதே தகும்.