புழுங்கலரிசி காத்த நெஞ்சம்

நெஞ்சு நோய் என்று வருபவரிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று மிக எளியதாகத் தோன்றும். "இரவில் மல்லாந்து படுத்துத் தூங்க முடிகிறதா? தலைக்கு எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறீர்கள்?" என்பதே அக்கேள்வி. நோய் நெஞ்சில் இருக்கத் தலையணையைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று நம்மவர் வியப்பர். இதயம் தளர்ந்தால், படுத்த நிலையில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்; மூச்சு முட்டும்; எழுந்து உட்கார்ந்தால் சற்றே தணியும். ஆகவே, ஒருவர் உறங்கும் முறையே அவருடைய இதயத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியிருந்த ஈயச் சுரங்கங்களிலும் இவ்வாறு உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தவர் பலர். அவர்களைப் பற்றிய நோய் 'பெரிபெரி' எனப்பட்டது. அந்நோயின் மருமத்தை அவிழ்த்ததில் கோலாலம்பூருக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழர் வீட்டுப் புழுங்கலரிசிக்கும் ஒரு பங்கு உண்டு. இவ்வரலாற்றை நம் மாணவர் அறிதல் வேண்டும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நோயின் இயல்பு

பெரிபெரி என்னும் பெயர், 'முடியாது, முடியாது' என்னும் பொருள்படும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பு என்பர். பெயருக்கு ஏற்பவே நோயாளியால் எதுவும் முடியாது போகும். நோய் இருவகையாகத் தோன்றும். ஒன்று வறண்ட வகை: நரம்புகள் கெட்டு, கால்கள் மரத்து, தசை சுருங்கி, நடை தள்ளாடும். மற்றொன்று ஈர வகை: இதயம் விரிந்து தளர்ந்து, கால்களும் வயிறும் வீங்கி, மூச்சுத் திணறும். ஈர வகை சில வேளைகளில் ஓரிரு நாளிலேயே உயிரைப் பறித்துவிடும்.

அக்கால மருத்துவர்க்கு இன்றுள்ள கருவிகள் இல்லை. கண்ணும் கையும் காதுமே துணை. கணைக்காலின் முன்எலும்பின்மேல் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பர். குழி விழுந்து நின்றால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். கெண்டைக்காலைப் பிசைந்தால் நோயாளி வலியால் அலறுவார். முழங்காலின் கீழ்த் தட்டினால் கால் துள்ளாது. குந்தி உட்காரச் சொல்லி, கையூன்றாமல் எழச் சொல்வர், எழ முடியாது. நெஞ்சின்மேல் விரல் வைத்துத் தட்டி, இதயம் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று அளப்பர். நாடி விரைந்து ஓடும். குரல் கம்மும்.

நோயை இனங்காண அறிந்தனரேயன்றி, மருத்துவம் அறியவில்லை. இதயத்திற்கு உரமூட்டும் டிஜிட்டாலிஸ் மருந்து கொடுத்தனர். அதனால் பெரும்பயன் விளையவில்லை. சிரையைக் கீறிக் குருதி வாங்கினர். நோய்க்குக் காரணம் தெரியாதபோது மருந்து மட்டும் எங்கிருந்து கிடைக்கும்?

காரணம் யாது?

1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் மாண்டவர் தொகை ஆட்சியாளரையும் முதலாளிகளையும் கலங்க வைத்த காலம் அது. கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் மலேரியாக் காய்ச்சலோடு போராடினார். கோலாலம்பூர்க் கழகமோ பெரிபெரியைத் தன் முதன்மையான ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாகக் கொண்டது.

கழகத்தின் முதல் இயக்குநர் டாக்டர் ஹாமில்டன் ரைட். இந்நோய் கிருமியால் தொற்றுவது என்பது அவர் கொள்கை. நோய் இடத்தைப் பற்றி நிற்பது, குறிப்பிட்ட கட்டடங்களில் குடிகொண்டிருப்பது என்று கருதியவரும் இருந்தனர். பாஸ்டரும் காக்கும் கிருமிகளைக் கண்டுகாட்டிய தலைமுறை அது. எந்நோய்க்கும் கிருமியைத் தேடுவதே அன்றைய அறிவுலகின் வழக்கமாக இருந்தது.

அப்போது நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் வேறொன்றைக் கண்டார். ஒரே நாட்டில், ஒரே காற்றில், அடுத்தடுத்து வாழும் மூவினத்தாருள், சீனச் சுரங்கத் தொழிலாளரே பெரும்பாலும் இந்நோய்க்கு ஆளாயினர். சிற்றூர்களில் வாழ்ந்த மலாய்க்காரரிடம் அது அரிது, தமிழரிடமும் அரிது. மூவருக்கும் உணவு சோறுதான். ஆனால் மூவருடைய அரிசியும் ஒன்றன்று. சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளைவெளேரென்று தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது தம் வயல் நெல்லை அன்றாடம் உரலில் குத்திய அரிசி. தமிழர் உண்டதோ புழுங்கலரிசி. ஆங்கில மருத்துவர் இதனைப் 'பதப்படுத்திய அரிசி' என்று குறித்தனர்.

பிராடன் 1907இல் இதனை ஒரு பெருநூலாகவே எழுதி வெளியிட்டார். அவர் கண்ட உண்மை சரி. சொன்ன விளக்கம் பிழை. பழைய வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்றும், புழுக்குவதால் அந்நஞ்சு தோன்றாமல் தடுக்கப்படுகிறது என்றும் அவர் நினைத்தார். அரிசியில் புதிதாகச் சேர்ந்தது எது என்று தேடினாரேயன்றி, அதிலிருந்து நீங்கியது எது என்று தேடவில்லை.

ஒற்றையும் இரட்டையும்

பிராடனின் கருத்தை ஆராய்ந்து பார்க்கும் வாய்ப்பு கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் அமைந்தது. அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. டாக்டர் வில்லியம் பிளெட்சர் 1905 டிசம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு என எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் பெற்றவர்க்குத் தீட்டிய பச்சரிசி; இரட்டைப்படை எண் பெற்றவர்க்குப் புழுங்கலரிசி. இரு பிரிவினரும் வெவ்வேறு கூடங்களில் தங்கினர். நோய் கட்டடத்தைப் பற்றியது என்பாரின் ஐயத்தைத் தீர்க்க, ஆண்டின் இடையில் இரு பிரிவினரையும் கூடம் மாற்றியும் வைத்தார்.

1906ஆம் ஆண்டின் இறுதியில் கணக்குப் பார்த்தபோது முடிவு தெளிவாக இருந்தது. பச்சரிசி உண்ட 120 பேருள் முப்பதுக்கும் மேற்பட்டவர்க்கு நோய் கண்டது. 18 பேர் அந்நோயால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் இருவர்க்கே நோய் இருந்தது. அவ்விருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். இறந்தவர் ஒருவரும் இல்லை. இம்முடிவு 1907இல் இலண்டன் 'லான்செட்' இதழில் வெளிவந்தது.

அடுத்து, கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டான்டனும் இன்னும் கண்டிப்பான ஆய்வில் இறங்கினர். மருத்துவமனை ஏற்கனவே நோய் புகுந்த இடம்; ஆகவே ஐயத்துக்கு இடம் தரும். எனவே நெகிரி செம்பிலானில் ஜெலுபு வட்டாரத்து டுரியான் திப்புஸ் காட்டில், சாலை போடச் சென்ற சாவகத் தொழிலாளர் சுமார் 300 பேரை 1907இல் இரு பிரிவாக்கினர். காடும் புதிது, குடிசைகளும் புதியவை. ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. மூன்று மாத அளவில் வெள்ளையரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டியது, மற்றதில் இல்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. நோயுற்றவரோடு கலந்து பழகியும் மற்றவர்க்கு அது தொற்றவில்லை. 1909இல் இம்முடிவுகள் வெளியாயின. கிருமிக் கொள்கை தளர்ந்தது.

தவிட்டில் இருந்த பொருள்

இனி, புழுங்கலில் அப்படி என்ன இருக்கிறது என்னும் வினா எழும். நெல்லின் உமிக்கு உள்ளே, அரிசியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலமே தவிடாகிறது. உயிருக்கு இன்றியமையாத ஒரு சத்து, தவிட்டிலும் முளையிலுமே மிகுதியாக உள்ளது. பச்சரிசியை ஆலையில் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, நீரில் கரையும் இயல்புடைய அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிப் படிகிறது, அரிசியும் இறுகுகிறது. பிறகு தீட்டினாலும் சத்தின் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது.

சாவகத்தில் டச்சு மருத்துவர் எய்க்மன் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி கொடுத்து இதே போன்ற நரம்பு நோய் உண்டாவதை 1890களிலேயே கண்டிருந்தார். குறைபாடே காரணம் என்று அவருக்குப் பின் வந்த கிரெய்ன்ஸ் 1901இல் கூறினார். பிரேசரும் ஸ்டான்டனும் கோலாலம்பூரில் கோழிகளைக்கொண்டு ஆய்ந்து, தீட்டும்போது நீங்கும் பகுதியில்தான் காக்கும் பொருள் உள்ளது என்று உறுதி செய்தனர். 1910இல் மணிலாவில் கூடிய கீழைநாட்டு வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளையரிசியையே முதன்மை உணவாகக் கொள்வது இந்நோயோடு தொடர்புடையது என்று அறிவித்தது. 1912இல் கசிமிர் பங்க் இத்தகைய சத்துகளுக்கு 'வைட்டமின்' என்னும் பெயரை வழங்கினார். 1926இல் யான்சனும் டோனாத்தும் அச்சத்தைப் பிரித்தெடுத்தனர். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதனைச் செயற்கையாக ஆக்கினார். அவர் நெல்லுக்குப் பெயர் பெற்ற நெல்லூரில் பிறந்தவர் என்பது ஒரு சுவையான செய்தி. இதுவே இன்று நாம் 'பி1' என்றும் 'தயமின்' என்றும் கூறும் சத்து.

அதன்பின் மருத்துவம் எவ்வளவு எளிதாயிற்று! நாடி தளர்ந்து, நீலம் பாரித்து, மூச்சுக்குத் தவிக்கும் நோயாளிக்கு இச்சத்தை ஊசிவழி ஏற்றினால், சில மணி நேரத்தில் இதயம் தேறத் தொடங்கும். சில நாளில் வீக்கம் வடியும். படுத்து உறங்கவும் முடியும். நெஞ்சு நோய்களுள் இவ்வளவு விரைவாகத் தீர்வன சிலவே.

பெருமையும் அதன் எல்லையும்

இச்செய்தியைக் கேட்டவுடன், 'நம் முன்னோர் வைட்டமினை அன்றே அறிந்திருந்தனர்' என்று மேடையில் முழங்கும் ஆசை நம்மவர்க்கு எழக்கூடும். அது முறையன்று. 'புழுக்கு' என்னும் சொல் சங்க நூல்களிலேயே அவித்த உணவைக் குறித்து வழங்குகிறது. நெல்லை அவிக்கும் வழக்கமும் பழமையானதே. ஆயினும் அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, அரிசி நெடுநாள் கெடாது, சோறு பசி தாங்கும் என்பன போன்ற பயன்களையே நம் தாய்மார் கண்டனர். இதயத்தைக் காக்கவென்று யாரும் நெல்லை அவிக்கவில்லை. அறிந்து செய்யாததை அறிந்ததாகக் கூறுவது, செய்தவர்க்குப் பெருமை ஆகாது. தலைமுறை தலைமுறையாகச் செவ்வனே செய்த ஒரு வேலை, தாமே எண்ணாத நன்மையையும் தந்தது என்று கூறினால் அதுவே போதிய பெருமை.

தமிழர் உடற்கூறே நோய்க்கு இடங்கொடாதது என்பாரும் உளர். அதனைப் பொய்யாக்கிய சான்று நம் வரலாற்றிலேயே உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரைச் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டுசென்றனர். அங்கே கிடைத்தது தீட்டிய வெள்ளையரிசி, அதுவும் குறைவு. வாந்திபேதியும் மலேரியாவும் மாய்த்தவை போக, பெரிபெரியும் அம்முகாம்களில் புகுந்தது. காத்தது குருதி அன்று. அரிசியே என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. இந்தியாவிலும் குன்னூர் உணவாய்வுக் கூடத்தினர் 1940இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனையே காட்டியது: பச்சரிசி உண்ட வட சர்க்கார் கடற்கரைப் பகுதியில் பெரிபெரி இருந்தது, புழுங்கல் உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது காணப்படவில்லை.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. மனநோய் மருத்துவமனையில் வரிசையில் நின்றவர்களிடம் யாரும் இசைவு கேட்கவில்லை; கேட்டாலும் விடை கூறும் நிலையில் அவர்கள் இல்லை. ஒற்றைப்படை எண் வந்தமையால் இறந்த அந்தப் பதினெண்மரை வரலாற்று நூல்கள் எண்ணாகவே குறிக்கின்றன. பிளெட்சரின் பெயரை மாணவர்க்குச் சொல்லும்போது, பெயரில்லாத அவர்களையும் ஒரு சொல்லால் நினைவுகூர்தல் ஆசிரியர் கடமை. இன்று மருத்துவ ஆய்வுக்கு உட்படுவோரின் எழுத்து வழி இசைவு பெறப்படுவது, இத்தகையோரின் கடனை உலகம் காலம் தாழ்த்தியேனும் உணர்ந்ததன் அறிகுறி.

இன்றைய இரவுகள்

பெரிபெரி இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் அரிது. ஆனால் இரவில் மூச்சு முட்டி எழுவோர் அரியர் அல்லர். பழைய நோய் சத்துக் குறைவால் வந்தது. இன்றைய நோய் பெரும்பாலும் மிகையால் வருகிறது. உடல் பருத்து, கழுத்துத் தடித்தவர் உறங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழல் அடைபடுகிறது. மூச்சு சில நொடிகள் நின்று, திணறி, மீண்டும் வருகிறது. ஓர் இரவில் இது நூற்றுக்கணக்கான முறை நேரலாம். இதனால் குருதி அழுத்தம் உயர்கிறது. இதயம் தாளம் தவறுகிறது. 'குறட்டைவிட்டு நன்றாகத் தூங்குகிறார்' என்று நாம் மகிழ்ந்து கூறுவது எவ்வளவு பிழை! உறக்கத்தின்போது மூச்சையும் நாடியையும் குருதியிலுள்ள உயிர்வளியையும் பதிவு செய்து இதனை இன்று அளந்தறிகின்றனர். சிட்னியில் டாக்டர் காலின் சலிவன் 1981இல் கண்ட வழிப்படி, முகமூடி வாயிலாகக் காற்றழுத்தம் செலுத்தி மூச்சுக்குழலைத் திறந்து வைக்கின்றனர். கோலாலம்பூரில் 1992இல் தேசிய இதயக் கழகமும் தோன்றிவிட்டது. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ வாழ்பவர் இதய மருத்துவரை நாடிக் கடல் கடக்க வேண்டியதில்லை.

எனினும், கருவி எவ்வளவு வளர்ந்தாலும் மருத்துவம் கேள்வியிலேயே தொடங்குகிறது. 'என்ன உண்கிறீர்கள்? எப்படி உறங்குகிறீர்கள்?' என்பனவே அன்று கேட்க வேண்டியிருந்த கேள்விகள். முதற்கேள்வியைக் கேட்கத் தவறியதால் பல்லாயிரவர் மாண்டனர்; அதைக் கேட்ட ஒருவர், அடுப்படியில் புழுங்கிய நெல்லில் விடையின் தொடக்கத்தைக் கண்டார். இரண்டாம் கேள்வியை நம் வீட்டுப் பெரியவர்களிடம் நாமே கேட்கலாம். அதற்கு மருத்துவராக இருக்க வேண்டும் என்பதில்லை.