தாலி கட்டுக்கு ரீடேக் கிடையாது!

எங்கள் வீட்டில் பழைய கல்யாண கேஸட் ஒன்று உண்டு. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். ‘கெட்டிமேளம்... கெட்டிமேளம்!’ தவில் அதிர்கிறது. அடுத்த விநாடி, திரையில் பந்தி! யாரோ ஒருவர் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

சரியாக அந்த நேரம் பார்த்து டேப் தீர்ந்துவிட்டது. வீடியோக்காரர் புது கேஸட் போடுவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்தாயிற்று. போனது தாலி கட்டு மட்டுமல்ல... பொக்கைவாய்ச் சிரிப்போடு அட்சதை தூவிய பாட்டியும்தான். அடுத்த வருஷம் பாட்டி இல்லை.

‘கல்யாணம் எடுக்கணும், கையைக் கடிக்காத விலையில் என்ன கேமரா வாங்கலாம்?’ என்று யாராவது கேட்டால், எனக்கு அந்த அப்பளம்தான் ஞாபகம் வரும். வீடியோவின் சரித்திரமே கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

1956 ஏப்ரல். சிகாகோவில் ஒளிபரப்பாளர்கள் மாநாடு. மேடையில் பேசியவரை டேப்பில் பிடித்து, உடனே போட்டுக் காட்டியது ஆம்பெக்ஸ் கம்பெனியின் மெஷின். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது! சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையிலான குழுவின் சாதனை அது. குழுவில் இருந்த ஓர் இளைஞர் ரே டால்பி. ஆமாம், தியேட்டர் திரையில் பெயர் மின்னுமே, அதே டால்பிதான்! மெஷின் விலை? சுமார் 50,000 டாலர். டி.வி. நிலையங்கள் மட்டுமே தொடக்கூடிய சமாசாரம்.

வீட்டுக்குள் வீடியோ பரவ மேலும் இருபது வருஷம் பிடித்தது. 1975-ல் சோனியின் பீட்டாமேக்ஸ் வந்தது. படம் அருமை. ஆனால், ஆரம்பத்தில் ஒரு கேஸட் ஒரு மணி நேரம்தான் ஓடியது. மறு வருஷமே ஜே.வி.சி. கொண்டுவந்த வி.ஹெச்.எஸ்., இரண்டு மணி நேரம் ஓடியது. கடைசியில் ஜெயித்தது வி.ஹெச்.எஸ்.! காரணங்கள் பல. ‘நிற்காமல் ஓடும்’ என்பது அதில் முக்கியமானது.

1984-ல் அதே ஜே.வி.சி., ‘ஜி.ஆர்.சி-1’ என்ற சிவப்புக் கேமராவை இறக்கியது. ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ (1985) படத்தில் வருமே, அதுதான். ஆனால், அதன் குட்டி கேஸட்டின் ஆயுள் 20 நிமிடம்! நம்மூர் முகூர்த்தத்துக்கு அது எந்த மூலைக்கு? பெரிய கேஸட் போடும் கேமராவைத் தோளில் சுமந்தபடி வீடியோக்காரர், பக்கத்தில் சுட்டெரிக்கும் லைட்டோடு ஒரு பையன் என்று நம் மண்டபங்கள் மாறியது இப்படித்தான். மாப்பிள்ளைக்கு வேர்த்தது பயத்தில் மட்டுமல்ல!

2008-ல் கேனான் ‘5டி மார்க் 2’ வந்தது. ஸ்டில் கேமராவிலேயே சினிமா போல வீடியோ! உலகமே அசந்தது. ஆனால், முழுத் தரத்தில் ஒரே மூச்சில் ஓடியது சுமார் 12 நிமிடம்தான். பிறகு வந்த பல ஸ்டில் கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுபோயின. ஏன் தெரியுமா? அரை மணி நேரம் ஓடினால் ‘வீடியோ கேமரா’ என்று சொல்லி ஐரோப்பாவில் அப்போது கூடுதல் சுங்க வரி போட்டார்கள்!

ஆக, கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘படம் எவ்வளவு தெளிவு?’ அல்ல. ‘சூடாகாமல், நிற்காமல் எவ்வளவு நேரம் ஓடும்?’ என்பதுதான். காசு குறைவா? விலையுயர்ந்த ஒரே கேமராவுக்குப் பதில், செகண்ட் ஹேண்டில் ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். ஒன்று ஸ்டாண்டில் நின்று மணவறையையே பார்க்கட்டும். இன்னொன்று கையில் இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிவாகும் கேமரா கிடைத்தால், இன்னும் நல்லது. மிச்சக் காசில் மாப்பிள்ளை சட்டையில் குத்த ஒரு சின்ன மைக். தவில் சத்தத்தில் கேமராவின் காதுக்கு மந்திரம் கேட்காது! அன்று ராத்திரியே இன்னொரு காப்பி எடுத்துவிட்டுத் தூங்குங்கள்.

லென்ஸை அடுத்த வருஷம்கூட வாங்கிக்கொள்ளலாம். அட்சதை தூவும் பாட்டியை?