7310 வந்த வழி

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் துறை ஒரு நீண்ட அட்டவணை வைத்திருக்கிறது. அதில் 7310 என்ற எண், இரைப்பையில் காயம்பட்டு அதன் பின்விளைவுகளோடு வாழ்பவர்களுக்கானது. ஒருவருடைய இயலாமை எத்தனை சதவீதம், மாதம் எவ்வளவு தொகை என்ற கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த எண் வந்து சேர்ந்த பாதை மிக நீண்டது.

1776 ஆகஸ்ட் 26 அன்று, சுதந்திரப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அமெரிக்கக் காங்கிரஸ் முதல் ஓய்வூதியச் சட்டத்தை நிறைவேற்றியது. கை கால் இழந்தவர்களுக்கும், வேறு விதமாக முடங்கிப் பிழைக்க வழியற்றவர்களுக்கும் பாதிச் சம்பளம். இழந்த கை கண்ணுக்குத் தெரியும், வயிற்றுக்குள் இருப்பது தெரியாது. அதோடு, அந்தக் காலத்தில் குடலைத் துளைத்த குண்டு பெரும்பாலும் உயிரையும் எடுத்துக்கொண்டது. உள்நாட்டுப் போரிலும் அதே நிலைதான்.

அந்தப் போரின்போது வந்த 1862 ஓய்வூதியச் சட்டம், முழுதாக முடங்கிய சாதாரண சிப்பாய்க்கு மாதம் 8 டாலர் தந்தது. உடலுழைப்பு செய்ய முடிகிறதா என்பதே அளவுகோல். பின்னாளில் பரிசோதனை மருத்துவர்களின் படிவத்தில் மனித உடலின் கோட்டுருவம் அச்சிடப்பட்டிருந்தது. தழும்பு எங்கே என்று மருத்துவர் அதில் குறிப்பார். கீழே 6/18, 8/18 என்று பதினெட்டில் இத்தனை பங்கு என்று இயலாமையை எழுதுவார். ஒரு மனிதனின் ஆயுள்கால வலி அந்தப் பின்னத்துக்குள் அடங்கியாக வேண்டும். இப்படிச் சேர்ந்த காகிதங்களைக் கையாண்ட ஓய்வூதிய அலுவலகத்துக்காக 1887இல் வாஷிங்டனில் ஒரு மாபெரும் செங்கல் மாளிகை கட்டி முடிக்கப்பட்டது. இன்று அது கட்டடக்கலை அருங்காட்சியகம்.

1917இல் அளவுகோல் மாறியது. இந்தக் காயம் சராசரியாக ஒருவரின் சம்பாதிக்கும் திறனை எவ்வளவு குறைக்கும் என்று கேட்டார்கள். 1921இல் முதல் அட்டவணை வந்தது. 1945இல் உருவாகி 1946 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைதான் இன்றைய அட்டவணைக்கு அடித்தளம். அதன் நான்கிலக்கக் குறியீடுகளில் ஒன்றுதான் 7310. இரண்டாம் உலகப் போரில் முன்னணிக்கு அருகிலேயே அறுவை சிகிச்சையும் ரத்தமும் பெனிசிலினும் கிடைத்ததால், வயிற்றில் குண்டு பாய்ந்தவர்களும் பெருமளவில் பிழைத்து வீடு திரும்பினார்கள். மருத்துவம் வென்றதால் இந்த எண்ணுக்குத் தேவை பெருகியது.

பிழைத்தவர்களின் வயிற்றுக்குள் நடப்பது என்ன? காயமும் கத்தியும் பட்ட இடங்கள் ஆறும்போது, வயிற்றறையின் உட்சவ்வில் நார் போன்ற திசு வளர்ந்து குடல் வளைவுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். குடல் முறுக்கிக்கொள்ளும், அடைபடும். வெளித்தழும்பு மங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும், ஒரு நாள் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்து, வயிறு உப்பி, மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். அதனால்தான் 7310ஐ இந்த ஒட்டுதல்களுக்குரிய 7301இன் அளவுகளை வைத்து மதிப்பிடச் சொன்னார்கள். 2024 வரை கடுமை என்றால் 50 சதவீதம், சற்றுக் கடுமை 30, மிதம் 10, லேசு 0 என்று இருந்தது.

காயம் படைப்பணியில் பட்டது என்று நிரூபிக்கக் காகிதம் வேண்டும். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே இருந்த மத்திய அரசின் படைவீரர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையே தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் போயின. உடம்பில் காயம் இருந்தது, அது எங்கே பட்டது என்று சொல்லும் தாள் இல்லை.

2024 மே 19 முதல் செரிமான உறுப்புகளுக்கான விதிகள் புதுப்பிக்கப்பட்டன. ஒட்டுதல்களுக்கு உச்ச அளவு 80 சதவீதமானது. மிதம், கடுமை என்ற சொற்களின் இடத்தில் நேரான கேள்விகள் வந்தன. குடல் அடைப்புக்காக ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவமனையில் சேர்கிறாரா? மருத்துவர் சொன்ன பத்திய உணவுதானா? ஊட்டம் ரத்தக் குழாய் வழியாகவே போகிறதா? மூட்டை தூக்க முடியுமா என்று கேட்ட அரசு, சாப்பிட முடிகிறதா என்று கேட்கக் கற்றுக்கொள்ள ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தாமதமானாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு இன்றும் 0 சதவீதம்தான். அந்தப் பூஜ்ஜியத்தை வெறுங்கையென்று நினைக்கக் கூடாது. காயம் படைப்பணியில் பட்டது என்று அரசு ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. பின்னால் குடல் அடைபடும் நாளில், அளவை உயர்த்தக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.